தடைக்காலம் முடிந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு

மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அதற்குப் பிறகும் விடாமல் அடிக்கும். செப்டம்பர் பிறந்துதான் கடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இந்த இடைவெளியில்தான் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடிக் கரைப் போட்டுகள் தேங்காப்பட்டணத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் லட்சத்தீவுக்கு அப்பால் கிளம்புகின்றன. இரண்டு மாதம் வருமானமில்லாமல் வட்டி மட்டும் கட்டியவர்களை அந்த வாரம் யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. எங்கள் போட்டும் அப்படித்தான் போனது. நடுக்கடலில் எஞ்சின் நின்று, காற்று தள்ளிய பக்கம் ஒழுகி மிதந்து, டீசலுக்கும் ஐஸுக்கும் ரேஷனுக்கும் போட்ட ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பணம் கடலோடு போய், விற்க ஒரு கூடை மீன்கூட இல்லாமல் திரும்பினோம். எல்லாரும் உயிரோடு திரும்பினோம் என்பதுதான் பெரிது. அந்த இரவுக்கு வேண்டிய அறிவு போட்டை ஓட்டும் மூத்த ஸ்ராங்குகளிடம் இருக்கிறது, கப்பல் படிப்பு படித்தவர்களிடம் இருக்கிறது. புதிதாகப் போட் இறக்குகிற பையன்களுக்கு அதை உட்காரவைத்துச் சொல்ல ஆளில்லை. கேட்டும் படித்தும் சேர்த்ததை, கடலில் அது தேவைப்பட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கடல்நிலை அறிவிப்பு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும், வானிலை ஆய்வுத் துறை காற்றையும் தினமும் சொல்கின்றன. அலை மூன்று மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் மூன்று மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கு வேறு. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆக, மூன்று மீட்டர் கடலில் சில மணி நேரம் கிடந்தால், ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு உயரமுள்ள ஒற்றை அலை ஒன்று வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உயரத்தோடு அலைக்கு அலை எத்தனை விநாடி இடைவெளி என்பதையும் பாருங்கள். மூன்று மீட்டர் அலை 12 விநாடிக்கு ஒருமுறை வந்தால் போட் ஏறி இறங்கிவிடும். அதே மூன்று மீட்டர் 6 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அலையின் முகம் செங்குத்தாகி, தலை உடைந்து தளத்தில் விழும். மழைக்கால அரபிக்கடலில் இரண்டும் கலந்து வரும். தெற்கிலிருந்து நீண்ட பேரலை ஒன்று, அதன் மேலே கச்சான் கிளப்பும் குட்டை அலை ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் ஏறும்போதுதான் எதிர்பாராத அந்த உயரம் வருகிறது. காற்று 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று அறிவிப்பு வந்தால் அது சும்மா எழுதும் வாசகம் என்று நினைத்துத் தாண்டாதீர்கள். கடலுக்குள் நிற்கும் போட்டுக்கு அந்த 65 தான் கணக்கு.

காற்றே இல்லாமல் வரும் கள்ளக்கடலும் இதில் அடக்கம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த காற்றின் அலை, பல நாள் ஓடி நம் கரைக்கு வருகிறது. வானம் தெளிந்திருக்கும்போதே கரை ஏறும். 2024 மே 6-ஆம் தேதி நம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இழுத்துச் செல்லப்பட்டது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். கரையில் நின்றவர்களுக்கே அந்தக் கதி என்றால், துறைமுக வாயைத் தாண்டும் போட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, கயிறு அவிழ்க்கும் முன் போட்டின் நிலைப்பு, அதாவது சாய்ந்தாலும் நிமிரும் திறன். இதைத் துறைமுகத்திலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டுக் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஆட்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறி மாறி நகரச் சொல்லிப் போட்டை ஆட்ட வேண்டும். ஆட்டம் பிடித்ததும் அவர்களை நடுவில் நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மறுபடி முதல் பக்கத்துக்கே வரும் முழு ஆட்டத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். நான்கைந்து ஆட்டத்தின் சராசரி எடுங்கள். போட்டின் அகலம் எத்தனை மீட்டரோ, ஆட்டம் அத்தனை விநாடிக்குள் முடிந்தால் பொதுவாக நல்லது. ஆறு மீட்டர் அகலப் போட் எட்டு விநாடி எடுத்து மெல்லச் சாய்ந்து மெல்ல எழுந்தால், மேலே பாரம் அதிகம் என்று அர்த்தம். சிலர் அப்படி மெதுவாக ஆடும் போட்டைச் சுகமான போட் என்பார்கள். அந்தச் சுகத்தை நம்பக் கூடாது. வெடுக்கென்று நிமிரும் போட் உடம்பை வலிக்கச் செய்யும், ஆனால் நிமிரும். மேலே என்ன ஏறியிருக்கிறது என்று பார்த்தால் வீல்ஹவுஸ் கூரையில் வலை, தண்ணீர் டிரம், கூடுதல் டீசல் கேன், கயிற்றுச் சுருள் எல்லாம் இருக்கும். அத்தனையும் கீழே இறங்க வேண்டும். போகும்போது அடியில் நிறைந்திருக்கும் டீசலும் ஐஸும் போட்டைப் பிடித்து வைக்கும். திரும்பும்போது டாங்கு காலி, ஐஸ் உருகிப்போய், வலை மட்டும் நனைந்து கனத்து மேலே கிடக்கும். போட் மிகவும் பலவீனமாக இருப்பது அந்தத் திரும்புப் பயணத்தில்தான்.

பாதி நிறைந்த டாங்கும் ஆபத்து. அகலமான தட்டில் தண்ணீர் எடுத்து நடந்தால் சாய்கிற பக்கமே அத்தனையும் ஓடுவதுபோல, டீசலும் மீன் அறையில் உருகிய ஐஸ் தண்ணீரும் போட் சாயும் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். டாங்குக்கு நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு இருந்தால் அந்தச் சாய்ப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். புதுப் போட் கட்டும்போதே ஆசாரியிடமோ வெல்டரிடமோ கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது. இருக்கிற போட்டில், எல்லா டாங்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரு ஜோடியை முழுக்கத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறப்பது நல்லது. மீன் அறையில் ஐஸ் பார்களைப் பலகைத் தடுப்பு போட்டு அடுக்குங்கள். ஐஸ் ஒரு பக்கம் சரிந்தால் நடுக்கடலில் அதைத் திருப்பி அடுக்க யாராலும் முடியாது.

தளத்தில் ஏறும் தண்ணீரைப் பற்றி நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலமுள்ள பின் தளத்தில் ஒரு அடி உயரத்துக்கு அலை ஏறினால் ஆறு டன் தண்ணீர். அது அடுத்த அலை வரும் முன் வெளியே போக வேண்டும். ஓரப் பலகையில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டிருப்பது அதற்குத்தான். மீன் நழுவிப் போகிறதென்று அந்த ஓட்டைகளில் பலகை அடிப்பதும், சாக்கு திணிப்பதும், வலையை அதன் முன்னால் குவிப்பதும் நம் துறைமுகங்களில் சாதாரணம். ஓட்டைக்குக் கம்பி அளி போட்டால் மீனும் போகாது, தண்ணீரும் நிற்காது. மீன் அறை மூடியும் எஞ்சின் அறைக் கதவும் கடல் கலங்கியவுடன் மூடிப் பூட்டப்பட வேண்டும். எஞ்சின் அறை வெக்கைக்காகக் கதவைத் திறந்து கட்டிவைப்பது வழக்கம். அந்தத் திறந்த கதவு வழியாக ஒரே ஒரு அலை உள்ளே போனால் பாட்டரி, வயர்லெஸ், பம்பு மூன்றும் ஒன்றாகப் போய்விடும்.

கரை மறைந்து, கடல் நிறம் மாறி, இருட்டிய பிறகு காற்று ஏறியது. நேர் எதிரே அலை வரும்போது வேகத்தைச் சுக்கான் பிடிக்கும் அளவுக்கு, இரண்டு மூன்று நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகத்துக்குக் குறைத்து, அணியத்தை, அதாவது போட்டின் முன்முனையை, சற்றே ஓரம் கொடுத்து ஏற்ற வேண்டும். நேராக மோதினால் அணியம் அறைபட்டுப் பலகை விடும். அதிகம் ஓரம் கொடுத்தால் அடுத்த அலை பக்கத்தைப் பிடிக்கும். பக்கவாட்டில் கிடப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். போட் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் வரும் அலை, தலை உடைந்து பக்கத்தில் விழுந்தால் கவிழ்த்துவிடும். பின்முனையான அமரத்துப் பக்கமிருந்து அலை வந்தால் ஓட்டம் லேசாக இருக்கும், டீசலும் மிச்சமாகும், அதனால் பலரும் அந்தத் திசையை விரும்புவார்கள். அதில் ஒளிந்திருக்கும் ஆபத்து, அலையின் முகத்தில் போட் வழுக்கி ஓடத் தொடங்குவது. அப்போது சுக்கான் வேலை செய்யாது, அணியம் குத்தி, போட் குறுக்கே திரும்பி, அப்படியே சாயும். எந்த வேகத்துக்கு மேல் இது நடக்கும் என்பதற்குக் கப்பல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. போட் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.8 ஆல் பெருக்க வேண்டும். 20 மீட்டர் போட்டுக்கு எட்டு நாட் வருகிறது. பின்னலையில் அதற்குக் கீழேயே ஓட்டுங்கள். அலைச் சிகரத்தில் போட் சற்றே தயங்கி நிற்பதுபோலவும், நிமிர நேரம் எடுப்பதுபோலவும் தோன்றினால் உடனே ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும்.

எஞ்சின் நின்றது நடுச்சாமத்துக்குப் பிறகு. சத்தம் போனதும் வந்த பயத்தை என்னால் இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. காற்றின் ஊளை திடீரென்று நம் காதுக்குள்ளேயே கேட்பது அப்போதுதான். கொந்தளிப்பில் எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், டாங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த கசடும் தண்ணீரும். அமைதியான கடலில் அது அடியிலேயே கிடக்கும். போட் ஆட ஆடக் கலங்கி, ஃபில்டரை அடைக்கும். முதலில் வேகம் ஏறி இறங்கும், பிறகு இழுக்கும், பிறகு நிற்கும். அந்த ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டவுடனேயே ஃபில்டரை மாற்றிவிட வேண்டும், நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. மாற்றும் முறையைப் போட்டில் குறைந்தது மூன்று பேர் பகலில் பழகியிருக்க வேண்டும். டாங்கு வால்வை மூடி, பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதில் சுத்தமான டீசலை நிரப்பிப் பூட்டி, வால்வைத் திறந்து, ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். குமிழி நின்று சுத்த டீசல் மட்டும் வந்ததும் ஸ்குரூவை இறுக்குங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றினால் பாட்டரி செத்துவிடும், அதோடு வெளிச்சமும் வயர்லெஸ்ஸும் போகும். ஒரு தடவைக் கடலுக்கு ஒரு டஜன் ஃபில்டராவது வேண்டும், தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், தடைக்காலத்தில் போட் கரையில் கிடக்கும்போதே டாங்கைத் திறந்து கழுவிவிடுவதுதான் மருந்து. கழுவ ஆகும் கூலி, இழந்த பணத்தின் முன் ஒன்றுமே இல்லை.

எஞ்சின் இல்லாத போட் தானாகவே அலைக்குப் பக்கம் காட்டித் திரும்பிவிடும். அதை விடக் கூடாது. அணியத்திலிருந்து கடல் நங்கூரம் இறக்க வேண்டும். குடை மாதிரி விரியும் அந்தத் துணி நங்கூரம் கையில் இல்லாவிட்டால், வலையைச் சுருட்டிக் கட்டி, பாரமும் மிதவையும் சேர்த்து, கனத்த கயிற்றில் விடலாம். கயிறு போட் நீளத்தைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். குட்டைக் கயிறு ஒவ்வொரு அலைக்கும் வெட்டி இழுத்து, கட்டிய கட்டையையே பிடுங்கும். கயிறு உராயும் இடத்தில் ரப்பர் குழாயோ நனைந்த சாக்கோ சுற்றி, மணிக்கு ஒருமுறை சற்று விட்டுக்கொடுத்தால் ஒரே இடம் தேயாது. ப்ரொபெல்லரில் வலை சுற்றினால், கடல் அடங்கும்வரை யாரையும் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் போட்டின் அடிப்பாகம் மண்டையை நசுக்கிவிடும்.

ஆட்களைப் பற்றி ஒன்று. நம் போட்டுகளில் பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. இரவில் அமரத்து ஓரத்தில் ஒதுங்கப் போய், யாரும் பார்க்காமல் கடலில் விழுந்து போனவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். காலையில் கஞ்சிக்குக் கூப்பிடும்போதுதான் ஆளில்லை என்று தெரியும். வெட்கப்படாமல் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பின் பின் தளத்துக்குப் போகிறவர் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், இன்னொருவர் கதவருகே நிற்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் அடித்தட்டில் அரிசிச் சாக்குக்குக் கீழே கிடந்தால் அது இல்லாததற்குச் சமம். வீல்ஹவுஸ் வாசலில் கை எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். எஞ்சின் நின்று ஐஸ் உருகி மீன் அழுகினால் மீன் அறையில் விஷவாயு சேரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பிறகு மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் விழுவார். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். மூடியைத் திறந்து காற்றாடவிட்டு, மேலிருந்தே பம்பால் இறைக்க வேண்டும். ஈரத்துணியை முகத்தில் கட்டுவது எந்தப் பாதுகாப்பும் தராது.

எஞ்சின் இல்லாமல் ஒழுகிக் கிடக்கும்போது அலையைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது கப்பல்கள். வளைகுடாவுக்கும் கொழும்புக்கும் போகிற கப்பல்களின் பாதை நம் கடல் வழியாகத்தான் போகிறது. அலை அதிகமான இரவில் மரப் போட்டும் ஃபைபர் போட்டும் கப்பல் ரேடாரில் அலையின் கீறலோடு கலந்து மறைந்துவிடும். 300 மீட்டர் கப்பல் நம்மைப் பார்த்துவிட்டாலும் நிற்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். 2018 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கேரளத்து முனம்பத்துக்கு வெளியே கப்பல் மோதிச் செத்தவர்களில் நம் மாவட்டத்துக்காரர்கள் இருந்தார்கள். நாம் இருக்கும் இடத்தைக் கப்பல்களுக்குச் சொல்லும் ஏஐஎஸ் கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கம்பத்தில் உலோக ரேடார் பிரதிபலிப்பான் கட்ட வேண்டும், பாட்டரி குறைந்தாலும் உச்சி விளக்கை மட்டும் அணைக்கக் கூடாது. 2025 மே 25-ஆம் தேதி கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியதிலிருந்து இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. பாதி மூழ்கி மிதக்கும் கண்டெய்னர் விளக்கிலும் தெரியாது, ரேடாரிலும் தெரியாது. அப்படி ஒரு எச்சரிக்கை இருக்கும் பகுதியை இரவில் கடக்க வேண்டாம்.

வயர்லெஸ் 16-ஆம் சானலில் கூப்பிட்டால் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் உண்டு. அந்த அலை நேர்கோட்டில்தான் போகும். ஐந்து மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு போட்டுகளுக்கு இடையே எட்டுவது பத்துக் கடல் மைல்தான். உயரமான கப்பலுக்குப் பதினைந்து, இருபது. கரைக்கு 200 மைல் வெளியே நின்று கரையைக் கூப்பிட முடியாது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் நம் கடலில் உருவெடுத்தபோது ஆழ்கடலில் கிடந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் போனதற்கு இதுவும் காரணம். ஆகவே செயற்கைக்கோள் வழியாகப் போகும் அபாய சமிக்ஞைக் கருவி கட்டாயம் வேண்டும். இஸ்ரோ தொழில்நுட்பத்தில் வந்திருக்கும் புதிய கருவிகளில் நம் செய்தி கிடைத்ததற்குப் பதிலும் வரும். கடலோரக் காவல்படையின் 1554 எண் போன் கிடைக்கும் தூரத்துக்குத்தான் உதவும். கூப்பிடும்போது முதலில் அட்சரேகை, தீர்க்கரேகை, பிறகு போட் பெயர், ஆள் எண்ணிக்கை, என்ன ஆபத்து என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். சமயத்தில் பேச்சு பாதியில் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

புயல் வந்துவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதையும் படித்து வைக்க வேண்டும். காற்றுக்கு நேரே முகம் கொடுத்து நின்றால், பூமத்தியரேகைக்கு வடக்கே உள்ள நம் பாதி உலகத்தில் புயலின் மையம் வலக்கைப் பக்கம் சற்றுப் பின்னால் இருக்கும். ஒரே இடத்தில் கிடக்கும்போது காற்றின் திசை கடிகார முள் போகும் பக்கமாகத் திரும்பிக்கொண்டே வந்தால் நாம் மோசமான பாதியில் இருக்கிறோம். காற்றை அணியத்து வலப்பக்கம் வைத்து முடிந்தவரை விலக வேண்டும். எதிர்ப்பக்கமாகத் திரும்பினால், காற்றை அமரத்து வலப்பக்கம் வாங்கிக்கொண்டு ஓடலாம்.

கரை கண்ணில் பட்டதும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். நம் துறைமுகங்களில் ஆட்கள் சாவது பெரும்பாலும் வாசலில்தான். தேங்காப்பட்டணத்திலும் கேரளத்து முதலப்பொழியிலும் துறைமுக வாயில் மணல் மேடு. தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்கு வந்ததும் அலை உடையும். இரண்டு மீட்டர் அலை இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். கடல் இறங்கும் வற்றத்தோடு ஆற்று நீர் வெளியே ஓடும் நேரத்தில் எதிரே அலை வந்தால் இன்னும் செங்குத்தாகும். கடல் ஏறும் ஏற்றம் நிறையும் நேரம்வரை வெளியே காத்திருங்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் பெரிய அலைகள் கூட்டமாக வந்து போவது தெரியும். கடைசிப் பெரிய அலையின் முதுகில், அதை முந்தாமலும் அடுத்தது நம்மைப் பிடிக்காமலும் உள்ளே போக வேண்டும். சந்தேகம் இருந்தால் நுழையவே வேண்டாம். நூறு மைலுக்கு மேல் வடக்கே கொச்சி வாய் கப்பல் போகும் ஆழத்தில் இருக்கிறது. எஞ்சின் மறுபடி ஓடியபின் நாங்கள் அங்கேதான் போனோம். டீசல் செலவு கூடியது, அதற்காக நான் வருந்தவில்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். செலவு கழித்துத்தான் பங்கு என்பதால் அந்தத் தடவை தொழிலாளிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போட் காப்பீடு இருந்தால், பழுது நடந்த நாள், இடம், வயர்லெஸ்ஸில் யாரிடம் பேசினோம் என்பதை ஒரு நோட்டில் அப்போதே எழுதுங்கள், போனில் படம் எடுங்கள், கரை வந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரித்து மாற்ற வேண்டாம். உரிமம் புதுப்பிக்காமல் கிடந்தால் அவர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் ஐந்து லட்சம் ரூபாய் உண்டு, ஆனால் பெயர் பதிந்திருக்க வேண்டும். ஒக்கிக்குப் பிறகு கடலில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணுவதிலேயே பல நாள் போனது. உடல் கிடைக்காதவரைச் சட்டப்படி இறந்தவராகக் கொள்ள சாதாரணமாக ஏழு வருஷம் ஆகும், அதுவரை வீட்டில் இருப்பவர்கள் அலைய வேண்டும். கடைசி நேரத்தில் ஏறிய வெளிமாநிலத் தொழிலாளி உட்பட எல்லாருடைய பெயர், ஆதார் எண், வீட்டு போன் எண் எழுதிய தாள் ஒன்றைப் தேவாலயப் பங்கு அலுவலகத்திலோ மீன்துறை அலுவலகத்திலோ கொடுத்து, இன்னொன்றை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.